வைத்தியரும் வழக்கும்

2024 ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் மகப்பேற்றின் பின் ஓர் இளந்தாய் உயிர் நீத்தார். ஊர் கொதித்தது, மக்கள் வீதிக்கு இறங்கினர், சுகாதார அமைச்சு விசாரணை நடத்தியது. அம்மரணத்தில் பிழை யாருடையது என்று கூறுவது இவ்வுரையின் வேலையன்று. ஆயின், இத்தகைய துயரம் பேசாலையிலே கடற்றொழிலை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு நேருமாயின், ஆர்ப்பாட்டம் ஓய்ந்த பின்னர் அக்குடும்பம் செய்யக்கூடியது யாது? வைத்தியர்மீது வழக்குத் தொடுப்பது எவ்வாறு நடைபெறுகிறது?

சிகிச்சை பலிக்கவில்லை என்பது வேறு. வைத்தியர் கவனயீனமாக நடந்தார் என்பது வேறு. நோயை மாற்றியே தீருவேன் என்று உறுதி கூறி எந்த வைத்தியரும் மருந்து கொடுப்பதில்லை. தம் துறையில் நியாயமான திறமையுள்ள ஒருவர் காட்டும் கவனத்தை அவர் காட்டினாரா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. 1957 இல் இங்கிலாந்திலே போலம் என்பவரது வழக்கில் நீதிபதி மக்னெயர் யூரிமாருக்கு எடுத்துரைத்த அளவுகோல் இது. இலங்கை நீதிமன்றங்களும் இதனை எடுத்தாண்டுள்ளன. பொறுப்புள்ள வைத்தியர் குழு ஒன்று சரியென ஏற்கும் முறையில் சிகிச்சை நடந்திருப்பின், வேறு வைத்தியர் சிலர் அதனை மறுத்தாலும் அது கவனயீனமாகாது. அளவுகோலை வைத்தியர் கையிலேயே கொடுத்துவிட்டார்களே என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் நியாயமும் உண்டு.

கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் அது நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்கப்படல் வேண்டும். இலங்கை மருத்துவ சபைக்கு முறைப்பாடு செய்தால், அது வைத்தியரின் ஒழுக்கத்தையும் பதிவையும் பற்றி ஆராயும். நட்டஈடாக ஒரு சதமும் குடும்பத்துக்குக் கிடையாது. நட்டஈடு வேண்டுமாயின் மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்கே வழி. அங்கே எண்பிப்பு அத்துணைக் கடுமையன்று; மீன் நிறுக்கும் தராசிலே ஒரு தட்டுச் சற்றே தாழ்ந்தாற் போதும்.

அந்தத் தட்டுத் தாழ்வதும் எத்துணை அரிது என்பதற்குக் கொழும்பு வழக்கொன்று சான்று. 1992 இல் றியென்சி அரசகுலரத்ன என்னும் சட்டத்தரணியின் சிறுமகள் நோயுற்றாள். குழந்தை மருத்துவப் பேராசிரியர் பிரியாணி சொய்சா அதனை வாதக் காய்ச்சலோடு தொடர்புடைய ஒருவகை நடுக்க நோயெனக் கொண்டார். உண்மையில் அது மூளைத்தண்டிலே வளர்ந்த கட்டி. குழந்தை இறந்தது. தந்தையார் ஐம்பது இலட்சம் ரூபாய் கோரி வழக்கு வைத்தார். மாவட்ட நீதிமன்றம் கேட்டதை அப்படியே வழங்கியது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கவனயீனம் உண்டென ஏற்றும், தொகையை மிகவும் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளிவிட்டது. ஏன்? அக்கட்டி மாற்றமுடியாதது; நோயை நேரத்தோடு அறிந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்பது எண்பிக்கப்படவில்லை. கவனயீனம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதுவே மரணத்தைக் கொணர்ந்தது என்றும் காட்டவேண்டும். மேலும், இந்நாட்டின் உரோமன் ஒல்லாந்தச் சட்டப்படி, பணத்தால் அளக்கக்கூடிய இழப்புக்கே நட்டஈடு. பிள்ளையை இழந்த நெஞ்சின் வேதனைக்கு இல்லை. சட்டம் கற்று, தலைநகரில் வாழ்ந்த ஒருவருக்கே மரணத்திலிருந்து முடிவுவரை ஒன்பது ஆண்டுகள் சென்றன.

வேதனைக்கு விலையில்லை என்ற நிலையை 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் மாற்றியது. பிறர் பிழையால் ஒருவர் இறந்தால் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் முதலியோர் அன்பையும் அரவணைப்பையும் இழந்தமைக்கும் இன்று நட்டஈடு கேட்கலாம். காரணத்தை எண்பிக்கும் சுமை மாத்திரம் இறங்கவில்லை.

பேசாலையார் பெரும்பாலும் நாடுவது அரசாங்க வைத்தியசாலையை. ஊழியர் இழைத்த தீங்குக்காக முடிமீது வழக்கிடும் உரிமையை 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமே தந்தது. இப்போது சட்டமா அதிபரை எதிராளியாக்கலாம். ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். 1871 ஆம் ஆண்டிலே விதித்த கால எல்லை இன்றும் நிற்கிறது: இரண்டாண்டுக்குள் வழக்கு மன்றேறாவிடின் உரிமை போயிற்று. அமைச்சின் விசாரணை முடியட்டும் என்று காத்திருப்போர் இதனை அறியார். அவ்விசாரணைக்காகக் காலம் நின்றுவிடுவதில்லை.

தவணை தோறும் ஒரு நாள் தொழில் போய்விடும். வருமானம் குறைந்தோருக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. ஆனால் நிபுணர் சாட்சிக்கு எங்கே போவது? உடன் கற்று உடன் தொழில் செய்யும் தோழருக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற எத்தனை வைத்தியர் முன்வருவர்? ஏழையின் வழக்கு முறிவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். சட்டப் புத்தகத்தில் இதற்கு மருந்தில்லை.

ஆகவே எழுத்துச் சான்றுகளின் பெறுமதி பெரிது. கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை வீடுகளில் எறிந்துவிடுகிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார் என்று அன்றே ஒரு கொப்பியில் எழுதுவோர் அரிது. அரசாங்க வைத்தியசாலையிலுள்ள தம் சிகிச்சைக் குறிப்புகளை நோயாளி 2016 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கோரலாம்.

இவற்றிலும் பெரியது பிரேத பரிசோதனை. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து கேட்கும்போது, “உடலை வெட்ட வேண்டாம், பொழுதோடு அடக்கம் செய்யவேண்டும்” என்று உறவினர் மன்றாடுவது வழக்கம். துயரத்தில் அது இயல்பே. ஆனால் மரணத்தின் காரணத்தைச் சொல்லவல்ல சாட்சி அந்த உடல் ஒன்றே. பின்னர் ஐயம் எழுந்தால், நீதவானின் கட்டளையோடு சவக்குழியைத் தோண்டலாம். வாரங்கள் கடந்து மணலுக்குள்ளிருந்து எடுத்த உடலிலே சட்ட வைத்திய அதிகாரி காணக்கூடியது மிகவும் குறைவு.