தற்குறியும் தனிக்குடித்தனமும்: கோலிட்டன் ஊரின் திருமணப் பதிவேடுகள்



இந்த அறக்கட்டளை உரையின் அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், “இங்கிலாந்தில் ஏதோ ஒரு பட்டிக்காட்டில் யார் யாரைக் கட்டிக்கொண்டால் நமக்கென்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேசி முடித்தபின் மறுபடியும் கேட்கட்டும்.

டெவன் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கோலி என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது கோலிட்டன். கடல் கூப்பிடு தூரமில்லை, ஆனால் நடந்தே போய்விடலாம். புனித அந்திரேயா கோயில், அதைச் சுற்றிச் சில தெருக்கள், அப்பால் பண்ணைகள், மேய்ச்சல் நிலங்கள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் கோலிட்டன் பங்கு. கத்தோலிக்கர் ‘பங்கு’ என்பதையும் நெல்லைப் பக்கத்துச் சபைகளில் ‘சேகரம்’ என்பதையும் ஏறக்குறைய ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு: அந்நாளில் இங்கிலாந்தில் பங்கு என்பது வழிபாட்டு எல்லை மட்டுமாக இருக்கவில்லை. ஏழைக்குப் படியளப்பதும், அதற்காக ஊராரிடம் வரி தண்டுவதும், சாலை செப்பனிடுவதும் அதன் வேலையாகத்தான் இருந்தன.

அறக்கட்டளை மேடை என்பதால் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. எட்டாம் ஹென்றி ஒரு பிரபுவின் தலையை வாங்கி, அவருடைய நிலங்களையும் பறித்துக்கொண்டான். அந்த நிலங்களில் ஒரு பகுதியை 1546இல் கோலிட்டன் வணிகர்களும் உழவர்களும் கூடி அரசனிடமிருந்தே விலைக்கு வாங்கி, ஊர்ப் பொதுவுக்கு அறமாக வைத்தார்கள். அதன் வருமானத்தில் ஒரு பள்ளி வந்தது. பள்ளியும் இருக்கிறது, அந்த அறங்காவலர் குழுவும் இருக்கிறது. கோலிட்டன்காரர்கள் காகிதத்தின் அருமை தெரிந்தவர்கள்.

இனிப் பதிவேட்டுக்கு வருவோம். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் அதை வைத்து, ஒரு சாவி குருவிடமும் மற்றது கோயில் பொறுப்பாளரிடமும் இருக்கவேண்டும். ஏதோ புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று மக்கள் முணுமுணுத்தார்கள். அன்று அது வீண் பயம். ஆனால் 1694இல் பிரெஞ்சுப் போருக்குப் பணம் தேவைப்பட்டபோது பிறப்பு, திருமணம், அடக்கம் மூன்றுக்கும் வரி போட்டார்கள். 25 வயதைத் தாண்டிய பிரமச்சாரிக்கும் தனியாக வரி. முணுமுணுத்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் கட்டினார்கள்.

பல ஊர்களில் முதல் ஏடுகள் அழிந்துபோயின. 1598இல் பழைய காகித ஏடுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னார்கள்; முதலாம் எலிசபெத் பட்டமேறிய 1558 முதல் எழுதினாலும் போதும் என்றதால், பலர் அதற்கு முந்தியதை விட்டுவிட்டார்கள். கோலிட்டன் ஏடு 1538இலேயே தொடங்குகிறது. பெரிய இடைவெளி இல்லாமல் முந்நூறு ஆண்டுகள் ஓடுகிறது. உலகின் மக்கள்தொகை வரலாற்றாசிரியர்கள் அந்தச் சிற்றூரின் பெயரை அறிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

பழைய திருமணப் பதிவில் என்ன இருக்கும்? தேதி, இரண்டு பெயர், அவ்வளவுதான். வயது இல்லை, தகப்பன் பெயர் இல்லை, தொழில் இல்லை. தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. 1752 வரை அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஏட்டில் 1640 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641. இதைக் கவனிக்காமல், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக நல்ல குடும்பங்களுக்குப் பழி சுமத்திய ஆய்வு மாணவர்கள் உண்டு.

இவ்வளவு வறண்ட ஏட்டிலிருந்து எதைப் பிழிவது? பிரான்சில் லூயி ஹென்றி என்ற மக்கள்தொகை ஆய்வாளர் ஒரு வழி கண்டிருந்தார். 1964இல் பீட்டர் லாஸ்லெட்டுடன் சேர்ந்து கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்கிய டோனி ரிக்லி, அந்த வழியைக் கோலிட்டனுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் ஒரு சீட்டு, திருமணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. பிறகு சீட்டுகளைப் பெயர் பார்த்துச் சேர்க்கவேண்டும். திருமணமான பெண்ணின் ஞானஸ்நானச் சீட்டு அதே ஊரில் அகப்பட்டால், மணநாளில் அவள் வயது தெரியும். அவளுடைய பிள்ளைகளின் சீட்டுகள் அகப்பட்டால் ஒரு குடும்பமே எழுந்து நிற்கும். ஊரில் பாதிப்பேர் ஜான், மீதிப்பேர் வில்லியம்; ஒரே குடும்பப் பெயரை ஒரே குரு மூன்று விதமாக எழுதுவார். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

1966இல் ரிக்லி வெளியிட்ட கட்டுரையின் எண்கள் பலரைத் திடுக்கிடவைத்தன. 1560 முதல் 1646 வரை கோலிட்டனில் முதல் திருமணம் செய்த பெண்களின் சராசரி வயது 27. அடுத்து 1719 வரையான காலத்தில் அது 29.6. அப்போது மாப்பிள்ளைகளின் சராசரி 27.7தான், அதாவது பெண் சராசரியாக இரண்டு வயது மூத்தவள்! 1770க்குப் பின் பெண்ணின் வயது 25.1ஆக இறங்குகிறது.

பழங்காலத்தில் எல்லோரும் சின்ன வயதிலேயே மணந்தார்கள் என்று நாமும் நினைக்கிறோம், ஆங்கிலேயரும் நினைத்திருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியட் பதினான்கு நிறையாதவள் அல்லவா? ஆனால் நாடகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன கூலிக்காரன் மகள் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தாள்.

ஏன் காத்திருந்தாள்? நம் ஊரில் கல்யாணம் முதலில், தனிக்குடித்தனம் பிறகு. சில வீடுகளில் அது வருவதே இல்லை. அங்கே தனிக்குடித்தனத்துக்கு வழியிருந்தால்தான் கல்யாணம். பையனும் பெண்ணும் பதின்வயதில் அடுத்தவர் பண்ணைக்கு வேலையாளாகப் போய், அங்கேயே உண்டு உறங்கி, ஆண்டுக் கூலியைச் சேர்த்து, ஒரு குடிசையும் பானை சட்டியும் ஒரு பசுவும் தேறிய பிறகே கோயிலுக்கு வந்தார்கள். விலைவாசி ஏறிக் கூலி தேய்ந்தால் திருமணம் தள்ளிப்போகும். திருமணம் நான்கைந்து ஆண்டு தள்ளினால் ஒன்றிரண்டு பிள்ளை குறையும். யாரும் திட்டமிடாமலே ஒரு நாட்டின் மக்கள்தொகைக்குக் கடிவாளம் விழுந்தது. 1700இல் ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த இங்கிலாந்து மக்கள் 1801இல் 86 லட்சத்தைத் தாண்டியதற்குச் சாவு குறைந்ததைவிடத் திருமண வயது இறங்கியதே பெரிய காரணம் என்பது கேம்பிரிட்ஜ் குழுவின் முடிவு. 404 பங்குகளின் ஏடுகளை எண்ணி, 1981இல் வெளிவந்த பெருநூலில் அதற்கு அடித்தளமிட்டார்கள்.

ஆனால் கோலிட்டனின் 29.6க்குச் சிக்கனம் மட்டும் விடையாகாது. 1645–46இல் கொள்ளைநோய் வந்து, ஓராண்டில் ஊரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோனது. 1685இல் அரசனை எதிர்த்து மன்மத் பிரபு நடத்திய கலகத்துக்கு இந்த ஊர் ஆண்கள் கூட்டமாகப் போனார்கள். தூக்குமேடை கண்டவரும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றப்பட்டவரும் உண்டு. மணந்தபின்னும் தம்பதியர் பிள்ளைப்பேற்றை வேண்டுமென்றே குறைத்தார்கள் என்றார் ரிக்லி. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு, 2002இல் இந்த ஊரைப் பற்றித் தனி நூல் எழுதிய பமேலா ஷார்ப்பின் பார்வையே மனத்துக்கு ஒப்புகிறது. அவர் சீட்டுகளோடு நிற்காமல், ஊரில் பெண்கள் என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்தார். கிழக்கு டெவன், ஹானிட்டன் லேசுக்குப் பேர்போன சீமை. திண்டுமேல் ஊசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் அந்தச் சன்ன வேலை பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் தந்தது. ஊரில் பெண்கள் மிகுதி, ஆண்கள் குறைவு. கையில் காசுள்ளவள் காத்திருக்கவும் முடியும், மறுக்கவும் முடியும்.

மறுபடி பதிவேட்டுக்கு வருவோம். 1753இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் வந்தது. லண்டனில் ஃப்ளீட் சிறையைச் சுற்றி நடந்த திருட்டுக் கல்யாணங்களை ஒழிப்பது அதன் நோக்கம். மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கவேண்டும், அல்லது உரிமம் வாங்கவேண்டும். எனக்கு முக்கியம் அச்சட்டத்தின் இன்னொரு விதி. மணமக்களும் இரண்டு சாட்சிகளும் ஏட்டில் கையெழுத்திடவேண்டும்.

இருநூறு ஆண்டுகளாகக் குருவின் கை மட்டுமே நடமாடிய தாளில் முதன்முறையாக ஊராரின் கை விழுகிறது. எழுதத் தெரியாதவர் ஒரு சிலுவைக் கீறல் போட்டார். பக்கத்தில் ‘இவர் குறி’ என்று குரு எழுதினார். நம் பழைய பத்திரங்களில் இதற்குத்தான் ‘தற்குறி’ என்று பெயர். பின்னாளில் அதை வசைச்சொல்லாக்கியது எழுதப் படித்தவர்களின் கைங்கரியம். அன்று நாட்டில் மாப்பிள்ளைகளில் சுமார் 60 விழுக்காட்டினர் கையெழுத்திட்டார்கள். பெண்களில் 40 விழுக்காடுகூட இல்லை. ஆனால் அங்கே வாசிப்பை முதலில் கற்பித்துவிட்டு, எழுத்தைப் பிறகு கற்பித்தார்கள். கீறல் போட்டவள் வேதாகமத்தை வாசிக்கத் தெரிந்தவளாகவும் இருந்திருக்கலாம்.

இச்சட்டத்துக்குப் பின் வந்த புதிய ஏடுகளில் நிரப்பும் முறையைக் காட்ட ஒரு மாதிரிப் பக்கம் அச்சிட்டிருப்பார்கள். ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்ற சிறு பங்கின் குரு ஜார்ஜ் ஆஸ்டின். அவர் மகள் ஜேன், பிற்காலத்தில் நாவலாசிரியை, அந்தப் பக்கத்தில் விளையாட்டாகத் தனக்கே மூன்று கற்பனை மாப்பிள்ளைகளை எழுதிவைத்தாள். மூன்றாமவர் வெறும் ஜாக் ஸ்மித். நிஜப் பதிவேட்டில் அவள் பெயர் மணமகளாக வரவே இல்லை. அந்த ஏடு வின்செஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியது. ஏட்டில் வயதும் தொழிலும் வந்தன. மணமக்களின் தகப்பன் பெயரும் அவர் தொழிலும் வந்தன. தாய்க்குக் கட்டம் போடவில்லை. லேசு பின்னிச் சம்பாதித்தவளும், முப்பது வயதில் மணந்து பிள்ளைகளை ஆளாக்கியவளும், தன் மகளின் திருமணப் பதிவில் இல்லை. அந்தக் கட்டம் வந்தது 2021 மே 4ஆம் தேதி. அதே நாளில் இங்கிலாந்துக் கோயில்களின் சட்டப்படியான திருமணப் பதிவேடுகள் மூடப்பட்டு, பதிவு கணினிக்குப் போய்விட்டது. தாயின் பெயர் அந்தப் புத்தகங்களில் ஏறவே இல்லை.