குளிரைத் தேடிப் போன மாமா

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணி உறுதியைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் என் தாய்மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் ஒரு கலியாணத்துக்காக இந்தியாவில் கோத்தகிரிக்குப் போய் வந்தேன். மாமா அங்கேதான் இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். ஆனால் நம்ம தோட்டத்தில் எந்த மலையில் எத்தனை பேர் கொழுந்து எடுத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்.

1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியும். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் நம்மைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டன. நம்மை யாரும் கேட்கவில்லை. மாமா குடும்பம் 1974இல் போனது. அட்டனில் கோச்சி ஏற்றிவிட்டோம். அந்தக் கோச்சிக்கு நம்மாட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. நான் அப்போது சின்னப் பையன். மேடையில் அழுத சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். இறங்கினால் இராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். மாமா இங்கே பிரட்டுக்குப் போகும்போது போட்ட கம்பளிக் கோட்டோடுதான் கப்பலில் இருந்து இறங்கியிருக்கிறார். "கோட்டைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன், அதுக்கு மேல கழற்ற ஒண்ணுமில்ல மருமகனே" என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. இங்கே லயத்துக்குப் பக்கத்தில் பீலித் தண்ணீர் இராத்திரி பகலாக ஓடும். அங்கே ஒரு குடத்துக்கு வரிசை.

முகாமிலிருந்து திருச்சிப் பக்கம் அனுப்பினார்கள். வியாபாரக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து எடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த மனுஷன் என்ன வியாபாரம் செய்வார்? ஒரு பெட்டிக்கடை போட்டார். கடன் கொடுத்தே கடை முடிந்தது. சித்திரை வெயிலில் கல் உடைக்கிற வேலைக்குப் போய் மயங்கி விழுந்தார். அப்போதுதான் பதுளைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார்: "நீலகிரின்னு ஒரு ஊர் இருக்கு. நம்ம ஊர் மாதிரியே தேயிலை, நம்ம ஊர் மாதிரியே குளிர்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் குடும்பத்தோடு பஸ் ஏறினார்கள். மேட்டுப்பாளையம் வரைக்கும் வெக்கை. அதற்கப்புறம் மலைப்பாதை. நானும் அதே பாதையில்தான் போனேன். வளைவுக்கு வளைவு காற்று மாறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகை போலச் சூடு குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நுவரெலியா 1868 மீட்டர். குன்னூர், கோத்தகிரியும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். ஒரு வளைவில் சில்லென்ற காற்று முகத்தில் பட்டபோது அத்தை தேம்பி அழுதிருக்கிறார். ஊருக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்ததாம்.

இவர்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் சமவெளியில் நிற்க முடியாமல் கூடலூர், கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் என்று மேலே ஏறியிருக்கின்றன. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் டேன்டீ. ஆனால் வந்த எல்லோருக்கும் அதில் இடமில்லை. மாமாவுக்கும் கிடைக்கவில்லை.

கரட், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நாள் கூலி. புறம்போக்கில் மண் சுவர் வைத்து, மேலே தகரம் போட்டு ஒரு குடிசை. முதல் மார்கழியில் உறைபனி. நுவரெலியாப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், தை மாதத்தில் பனி கரித்துக் கொழுந்து கருகுமே, அதே பனி. இங்கே காம்பராவில் பத்துப் பேர் நெருங்கிப் படுத்தால் உடம்புச் சூடாவது இருக்கும். அங்கே நாலு பேர், ஈர மண் தரை, ஒரு கம்பளி. கடைசிப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, அந்தப் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. "குளிரைக் கேட்டு வந்தோம். குளிரைக் கொடுத்தான். கதவு கொடுக்கல" என்றார் அத்தை. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு மாமாவுக்கு ஒரு தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். வீடும் கிடைத்தது. முப்பது வருடம் போல உழைத்தார். வேலை முடிந்ததும் வீட்டை விடச் சொல்லிவிட்டார்கள். வேலைக்குக் கொடுத்த வீடு, வேலை போனால் வீடும் போகும். இப்போது மகள் வீட்டுத் திண்ணையை அடைத்துப் படுத்திருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு நம்ம பாட்டன் பூட்டன் ஞாபகம்தான் வந்தது. அவர்களும் வெக்கை நாட்டிலிருந்து குளிருக்கு வந்தவர்கள்தானே. புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்கு முறையான கணக்கில்லை. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்து பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் குளிரிலேயே நிற்க வேண்டியதாயிற்று. வேட்டித் துண்டோடு வந்தவனுக்குக் கம்பளி கொடுத்தார்கள். அதையும் அவன் பற்றில் எழுதிக் கழித்துக்கொண்டார்கள். நுவரெலியாவை வெள்ளைக்காரன் உடம்பு தேற்றிக்கொள்ளுகிற ஊராகக் கட்டினான். அவனுடைய பங்களாவில் கணப்பு எரிந்தது. நம்ம காம்பராவில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக்குள் அடுப்புப் புகை.

இன்றைக்கும் ஏப்ரல் மாதம் கொழும்பு வெக்கை தாங்காமல் சனம் நுவரெலியாவுக்கு வருகிறது. வரட்டும், நாலு பேருக்குப் பிழைப்பு. "நீங்க குடுத்துவச்ச ஆளுங்க, என்ன குளிர்ச்சி!" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவர் கையில் ஓட்டல் அறைச் சாவி இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அத்தைதான் ஞாபகத்துக்கு வந்தார்.

நம்ம பிள்ளைகளில் சிலர் கலவரக் காலத்தில் வவுனியா, கிளிநொச்சிக்குப் போன குடும்பங்களில் பெண் எடுத்திருக்கிறார்கள். அந்த மருமக்கள் இப்போது இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஆடி மழை புதுசு. கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் ஈரச் சாக்கைக் கீழே விரிக்காதீர்கள். பலகையோ, இரண்டு வரிசைக் கல்லோ வைத்துப் படுக்கையைத் தூக்கிப் போடுங்கள். நனைந்த இரட்டைப் படுக்கிற இடத்தில் காயப்போட வேண்டாம். குளிருக்காகப் புகை வெளியேறும் ஓட்டையை அடைக்காதீர்கள், அது குளிரைவிட மோசம். பிள்ளை மூச்சு வாங்கினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது காணி விஷயத்துக்கு வருகிறேன். வீடு கட்டித் தருகிறோம் என்கிறார்கள், நல்லது. 7 பேர்ச் என்றும் 10 பேர்ச் என்றும் பேசுகிறார்கள். அளவைப் பற்றிச் சங்கம் பேசும். ஆனால் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு படம் பிடித்துவிட்டு வராதீர்கள். உறுதி யார் பேரில் இருக்கிறது? தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்ட பிறகும் அந்த வீட்டில் இருக்கலாமா? அம்மா பேரும் சேர்ந்து இருக்கிறதா? இந்த மூன்றையும் கேளுங்கள். என் மாமா இதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆளும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் லயம் லயமாகக் கணக்கு எடுக்க வேண்டும். ஒரு காம்பராவில் எத்தனை குடும்பம், எத்தனை பேர், எந்தக் கூரை ஒழுகுகிறது, ஓய்வு பெற்றவர்கள் யார் யார் என்று எழுத வேண்டும். மேல்கணக்கு லயங்களுக்குத் தலைவி போவார். கீழ்க்கணக்குக்கு நான் வருகிறேன். கொப்பியும் பேனையும் கமிட்டிச் செயலாளரிடம் இருக்கிறது. பெயர் எழுத வரும்போது அடையாள அட்டையை எடுத்து வையுங்கள்.