பத்தியின் பதில் பத்தியிலேயே இருக்கிறது

(ஜமாஅத் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவில் குர்ஆனை முழுமையாக மனனம் செய்த இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் சிலருக்குப் பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. நமது நிலையும் அதுவே. ஓதிப் பட்டம் பெற்று மிம்பரில் ஏறிய பின்னரும், ஒரு படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைக் காணும்போதெல்லாம் நமது பேனா தயங்கி நிற்கும்.

இது வெறும் கௌரவத்தைப் பற்றிய பேச்சன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேறு விலக்கும் இல்லாத ஒருவர், சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின் குடிபெயர்வு அனுமதி பெற்றாக வேண்டும். உள்ளூரிலும் பத்தாம் வகுப்பு கேட்கும் வேலைகள் பல.

இத்தகையோருக்கென ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 1989இல் தொடங்கப்பெற்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) நடத்தும் செகண்டரி தேர்வே அது. 14 வயது நிறைந்தவர் சேரலாம். உச்ச வயது வரம்பு இல்லை. ஐந்து பாடங்களில் தேறினால் போதும். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை.

இதனை அறிந்து, இளைஞர்கள் அறுவருடன் நாமும் மாணவராகச் சேர்ந்தோம். இஷாவுக்குப் பின் மக்தப் அறையில் அமர்ந்து படித்தோம். ஆங்கிலப் பாடத்தில், முன்பு கண்டிராத ஒரு பத்தியைத் தந்து அதிலிருந்து வினாக்கள் கேட்பார்கள். அங்கேதான் எழுவரும் இடறினோம். மனனத்தில் நாம் வல்லவர்கள். ஆனால் கண்டிராத பத்தியின் முன் மனனம் கை கொடுப்பதில்லை.

ஒரு நாள் பயிற்சிக்கு வந்த பத்தி தேனீயைப் பற்றியது. பூக்கள் இருக்கும் திசையைத் தேனீ தன் கூட்டத்தாருக்கு எவ்வாறு தெரிவிக்கிறது என்பது வினா. நம் ஹாஃபிழ் ஒருவர், சூரா அந்நஹ்லை நினைவில் கொண்டு, தேனில் நோய் நிவாரணம் உண்டு என்று அழகாக எழுதியிருந்தார். அவர் எழுதியது உண்மை. ஆயினும் கேட்கப்பட்டது அதுவன்று. தேனீ கூட்டினுள் ஆடும் நடனத்தின் கோணமே திசையைக் காட்டுகிறது என்ற விடை, பத்தியின் மூன்றாம் வரியில் இருந்தது. நாம் சிரிக்கவில்லை, நமது தாளிலும் அதே தவறு வேறு வடிவில் இருந்தது.

அன்று நமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. நாம் மதரஸாவில் கற்ற முறையை ஆங்கிலத்தின் வாசலில் கழற்றி வைத்துவிட்டோம்! அரபுக் கிதாபை நாம் எப்படி ஓதினோம்? பாடத்துக்கு முன்னரே முதாலஆ செய்தோம். ஒரு ழமீர் வந்தால் அதன் மர்ஜிஉ எது என்று உஸ்தாத் கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார். அறியாத சொல்லை ஸியாக், ஸிபாக் எனும் முன்பின் வரிகளைக் கொண்டு அறிந்தோம்.

அதே முறையை இங்கும் கையாண்டோம். 'தேனீ நடனமாடுகிறது, அது நீண்டால் பூ தொலைவில் உள்ளது' என்பதில் 'அது' தேனீயா, நடனமா? இப்படி ஆங்கிலத்தின் 'இட்', 'தே', 'திஸ்' ஒவ்வொன்றிலிருந்தும் பென்சிலால் ஒரு கோடிழுத்து, அது குறிக்கும் சொல்லோடு சேர்த்தோம். 'பட்' வந்தால் அரபு 'லாகின்ன'வைப் போல் பேச்சு திரும்புகிறது என்றும், 'பிகாஸ்' வந்தால் 'லிஅன்ன'வைப் போல் காரணம் வருகிறது என்றும் கண்டுகொண்டோம். முதலில் வினாக்களைப் படிப்பது. பிறகு அறியாத சொல்லில் நின்றுவிடாமல் பத்தியை ஒருமுறை முழுதும் படிப்பது. இரண்டாம் முறை நிதானமாகப் படிப்பது. விடை எழுதியவர், அது எந்த வரியில் உள்ளது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட இயலாத விடையை அடித்துவிடுவோம். நாளொன்றுக்கு ஒரு பத்தி, இருபது நிமிடம், அவ்வளவே.

அல்ஹம்துலில்லாஹ், எழுவரில் நால்வர் ஆங்கிலத்தில் தேறினோம். நாம் தேறியது இரண்டாம் முறையில்தான். கடையில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் இருமுறை தவறி, 'ஹஜ்ரத், எனக்கு இது வராது' என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தார். நாம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்பதில் இரண்டுதான் போயிருக்கிறது; ஏழு மிச்சம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் இஷாவுக்குப் பின் அவர் வந்து அமர்ந்தார்.

ஜமாஅத்தார்களே! உங்களிடம் நாம் கேட்பவை சில. இரவில் அந்த அறை திறந்திருக்கட்டும். ஒரு தமிழ் நாளிதழும் ஓர் ஆங்கில நாளிதழும் அங்கே வரட்டும். தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாதவருக்குப் பைத்துல்மால் உதவட்டும். பாதியில் படிப்பை விட்ட நம் பெண்மக்களுக்கு, பட்டம் பெற்ற சகோதரிகள் பகலில் வகுப்பெடுக்கட்டும். முப்பது வயதில் புத்தகப் பையோடு வருபவரைப் பார்த்து எவரும் கேலி பேசாதிருக்கட்டும்.

மகனை ஹிஃப்ழுக்கு அனுப்பும் பெற்றோர்களே! பொருளறிந்து வாசிக்கும் பழக்கத்தையும் உடன் கொடுங்கள். ஓதியதைக் காக்கும் நெஞ்சு, வாசித்ததை விளங்கவும் வல்லதாகும், இன்ஷா அல்லாஹ்.