கடல் நீரில் எரிந்த விளக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தினர் என்னிடம் கேட்டது பிள்ளைகளின் மனநலம் பற்றிய பேச்சு. வாசலில் மாலை போட்ட ஆண்டு 8 தங்கைமார் கேட்டது வேறு: "டொக்ரர் அக்கா, விடுதியில பேய் இருந்ததாமே, அதைச் சொல்லுங்கோ!" இரண்டும் ஒரே விடயம்தான் என்பதால் பேயிலிருந்தே தொடங்குகிறேன்.

1990களின் நடுப்பகுதி. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். ஜாம் போத்தல் விளக்கின் சிறு வெளிச்சத்தில்தான் படிப்பு. விளக்கை நூர்த்த பிறகு பெரிய வகுப்பு அக்கா ஒருவர் கதை சொல்லத் தொடங்குவார். நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது வற்றாப்பளைக் கதை.

நந்திக்கடல் ஓரம். மாடு மேய்க்கும் பெடியள். பொழுது படுகிற நேரம் எங்கிருந்தோ ஒரு கிழவி வந்து, பசிக்கிறது என்கிறாள். பெடியள் புக்கை பொங்குகிறார்கள். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை அள்ளி ஊத்துங்கோ" என்கிறாள் கிழவி. ஊற்றுகிறார்கள். விளக்கு எரிகிறது! பிறகு, தலை கடிக்கிறது, பேன் பாருங்கோ என்று குனிகிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். ஆயிரம் கண்கள். பெடியள் திகைத்து நிற்க, கிழவியைக் காணவில்லை. வந்தவள் கண்ணகி என்பதும், வைகாசித் திங்களில் திரும்ப வருவேன் என்று அவள் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த நீரில்தான் விளக்கேற்றுகிறார்கள்.

இது எங்களுடைய சொந்தக் கடற்கரை மர்மக் கதை. சிறுவர்கள், இருட்டு, கடல், முன்பின் தெரியாத ஒருத்தி, விடை தெரியாத ஒரு புதிர். எல்லாம் இதில் இருக்கின்றன.

அந்த ஆயிரம் கண்களுக்குப் பயந்து நான் போர்வையால் முகத்தை மூடிக்கொள்வேன். பக்கத்துக் கட்டில் தோழி அப்படியல்ல. "எரியுதோ எண்டு பாப்பம், வாடி" என்றாள். ஒரு பின்னேரம் இருவரும் ஒருவருக்கும் சொல்லாமல் போத்தலோடு நந்திக்கடலுக்குப் போனோம். தண்ணீரை அள்ளி நிமிர்ந்தால், இருட்டில் ஒரு வெளிச்சம் நீர்மட்டத்தில் மெல்ல மெல்ல எங்களை நோக்கி வருகிறது. எனக்குக் கால் ஓடவில்லை. அவள் கத்தினாள்: "ஆர் அது? பசிக்குதோ?"

இறால் பிடிக்க வந்த ஐயா ஒருவர் அவர். "ஆற்ற பிள்ளையள்? இந்த நேரத்தில இஞ்ச என்ன வேலை?" என்று ஏசி, விடுதி வாசல்வரை கூட்டிவந்து விட்டார். எங்கள் விளக்கு எரியவில்லை. திரி சீறிவிட்டு நூர்ந்தது. "நாங்கள் ஒருத்தருக்கும் பொங்கிக் குடுக்கேல்லை, அதுதான்" என்றாள் அவள், சிரிக்காமல்.

2004 டிசம்பர் 26. நான் அப்போது மருத்துவ மாணவி. சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவில் நிலம் நடுங்கி எழுந்த கடல் எங்கள் கரையையும் கொண்டுபோனது. என் தோழி கரையோரத்தில்தான் குடியிருந்தாள். அவளை நாங்கள் கண்டெடுக்கவேயில்லை.

அடுத்த வாரம் ஒரு முகாமில் உதவிக்கு நின்றேன். தாயை இழந்த ஒரு சிறுமி இரவில் நித்திரை கொள்வதில்லை. கடல் வாசலுக்கு வந்து தன்னைக் கூப்பிடுகிறது என்றாள். பெரியவர்கள் "அப்படி ஒண்டும் இல்லை, பேசாமப் படு" என்றார்கள். படித்த நான் மண்ணில் படம் கீறி, கடலடித் தட்டுகள் எப்படி அசைந்தன என்று விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது சரி அக்கா. அப்ப ஏன் இரவில கூப்பிடுது?"

என்னிடம் பதில் இல்லை. வேறு ஒன்றும் தோன்றாமல் கிழவியின் கதையைச் சொன்னேன். கண்கள் வரும் இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். முடிந்ததும் கேட்டாள்: "என்ர அம்மாவும் வைகாசியில வருவாவோ?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வரமாட்டா, செல்லம். ஆனா நாங்கள் அவவுக்கு விளக்கு வைக்கலாம்" என்றேன். அப்போதுதான் அவள் முதன்முறையாக அழுதாள். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று சொல்ல எனக்கு ஆசை. தூங்கவில்லை. ஆனால் மறுநாள் தானாக வந்து, "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள். மூன்றாம் நாள் கதையை அவள் சொன்னாள், நான் கேட்டேன். அவளுடைய கதையில் கடல் வாசலுக்கு வந்தது. அவள் அதற்குப் புக்கை கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

இத்தனை வருட வைத்தியத்தில் நான் கண்டது இதுதான். பயத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் கதைக்குள் வந்த பயத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைக்கிறது. வேண்டிய இடத்தில் பிள்ளை அதை நிறுத்தலாம், முடிவையும் மாற்றலாம். ஆகவே தாய்மாரே, பிள்ளை "பேய்" என்றால் அதட்டாதீர்கள். எங்கே நிற்கிறது, என்ன கேட்கிறது என்று விசாரியுங்கள். கதை சொல்லிப் பயமுறுத்திப் பணிய வைக்காதீர்கள். பாதியில் விடாமல் விடியும்வரை கதையைக் கொண்டுபோங்கள். வாரக்கணக்கில் நித்திரை, சாப்பாடு, படிப்பு குழம்பினால் கதையோடு நிற்காமல் வைத்தியரிடம் வாருங்கள்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் கோடிக்கரைச் சதுப்பில் கொள்ளிவாய்ப் பேய்களுக்கு அஞ்சாமல் திரிந்து, தனியே படகு வலித்து ஈழம் வரும் பூங்குழலியை எங்கள் தலைமுறை நேசித்தது. எங்கள் கரைப் பூங்குழலி எங்கே? பண்டாரவன்னியன் 1803இல் கைப்பற்றிய முல்லைத்தீவுக் கோட்டையின் கதை இருக்கிறது. 2006 டிசம்பரில் அரிசியோடு கரைதட்டி, பல வருடங்கள் துருப்பிடித்துக் கிடந்த 'பாரா 3' கப்பலின் கதை இருக்கிறது. இரவில் அதற்குள் யார் நடமாடினார்கள் என்று கேட்டால் ஆண்டு 8 தங்கைமார் ஆளுக்கொரு விடை சொல்வார்கள்.

ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் என்று பரந்திருக்கும் தோழிகளே, உங்களிடம் நான் கேட்பது காசு அல்ல. உங்கள் ஆச்சி சொன்ன ஒரு பயங்கரக் கதையை, அவ சொன்ன பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து எங்கள் பாடசாலை நூலகத்தில் வைப்போம். முதலாவதாக, கடலோரம் வந்த வெளிச்சத்தைப் பார்த்து "பசிக்குதோ?" என்று கேட்ட ஒரு பெட்டையின் கதையை நான் எழுதித் தருகிறேன்.

தங்கைமாரே, அந்தப் பெடியள் ஆயிரம் கண்களைக் கண்டது பிறகு. அதற்கு முன்பே அவர்கள் பசித்தவளுக்குப் பொங்கிக் கொடுத்துவிட்டார்கள். பயம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.