நம் பாட்டிகளிடமும் கேளுங்கள்



"வயசாச்சு, மறதி வரத்தானே செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு நோயை நம் வீடுகளுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். சாப்பிட்ட கை காயுமுன்பே "எனக்குச் சோறு போடலையே" என்று அழும் அப்பா பிடிவாதக்காரர் அல்லர். பெற்ற மகளையே "நீ யாரு?" என்று கேட்கும் அம்மா கல்நெஞ்சக்காரி அல்லர். மூளை செல்கள் சிதைவதால் வரும் டிமென்ஷியா அது. 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு அது இருப்பதாக மதிப்பிடுகிறது.

1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் இந்த நோயை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். 10/66 என்று அதற்குப் பெயர். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில். ஆராய்ச்சியிலோ 10 சதவீதம்கூட இங்கே நடக்கவில்லை. அந்த அநியாயத்தையே பெயராக வைத்தார்கள்!

இந்த நோயைக் கண்டறியும் மேல்நாட்டுச் சோதனை எப்படி இருக்கும்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று கேட்கும். பள்ளிக்கூடமே பார்க்காத நம் பாட்டி தோற்றால் அது நோயா, படிக்க வைக்காத சமூகத்தின் குற்றமா? அதனால்தான் அந்தக் குழு, படிக்காதவருக்கும் பொருந்தும் சோதனையை உருவாக்கியது. வீட்டாரையும் உட்கார வைத்து, முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று கேட்டது. சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் அந்த ஆய்வு நடந்தது.

இத்தகைய வேலையைத் தோளில் சுமப்பவை தொண்டு நிறுவனங்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அறக்கட்டளையைப் பாருங்கள். மனச்சிதைவு நோய்க்கென்று பிறந்தது, இன்று டெம்கேர்ஸ் என்ற பிரிவில் மறதி நோயாளிகளையும் கவனிக்கிறது. குழுவாக அமர்த்திப் பேச்சாலும் விளையாட்டாலும் அறிவைத் தூண்டும் பயிற்சி ஒன்று இங்கிலாந்தில் உருவானது. அதை நம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி, நம் முதியவர்களிடம் சோதித்தவர்கள் இவர்கள்தாம். நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லாத நிலையில் இது சிறிய காரியம் அன்று.

ஹைதராபாத் ஆய்வு ஒன்றும் நமக்கு நெருக்கமானது. 648 நோயாளிகளை ஆராய்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர், இரண்டு மொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வருவதை 2013-இல் வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. அந்தமானின் இந்த மாயாபந்தரில், நம் வீட்டில் தமிழ், கடையில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளம், வெபி கிராமத்தில் கரேன் மொழி! நம் பெரியவர்களைப் பற்றி அறிவியல் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை!

ஆனால் நிபுணரைப் பார்க்க, வாகனங்களைச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்து, மிடில் ஸ்ட்ரெயிட் நீரிணையில் படகேறி, தீவுகளின் தலைநகர் வரை அந்த முதியவரைக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்திலேயே தொலை மருத்துவத்தைக் கொண்டுசென்ற ஸ்கார்ஃபால் கடல் தாண்டியும் பேச முடியும். நாம் கேட்க வேண்டும்.

இந்த மேடையிலிருந்தே ஸ்கார்ஃபுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். பங்குனி உத்திரத்துக்கு அள்ளிக் கொடுக்கும் நீங்கள், இந்த ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு கொடுங்கள். மறதியை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆய்வாளர் ஒருவர் வாசலுக்கு வந்தால், "எங்க அம்மாவையும் சேர்த்துக்குங்க" என்று உள்ளே அழையுங்கள்.