மண்ணெண்ணெயில் ஓடிய வரலாறு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இலக்கியத் தொடரொன்றில் மோட்டார்க் கார் பற்றிய நூல்களைப் பேசுவதா என்று உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நமது பழைய புலவர்கள் வாகனத்தை இலக்கியத்துக்குப் புறம்பானதாக நினைக்கவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நாம் எல்லோரும் அறிவோம். அந்தத் தேரைச் செய்தவனையும் அறிந்த ஒரு புலவர் உண்டு. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன் ஒரு மாதம் முழுவதும் சிந்தித்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்குமோ, அப்படிப்பட்டவன் அதியமான் என்கிறார். அரசனைப் புகழ வந்தவர் தச்சுப் பட்டறைக்குள் நுழைந்து பார்த்திருக்கிறார். எத்தனை தேர், எத்தனை நாள் என்ற கணக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டறையின் கணக்கை அறிந்து எழுதிய இந்த மரபுதான் இன்றைய எனது பேச்சுக்குத் துணை.

மேல்நாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், ஒரே ஒரு மோட்டார்க் காரின் சரித்திரத்தை மட்டும் சொல்லும் நூல்கள் அலுமாரி நிறையும் அளவுக்கு வந்திருக்கின்றன. அவற்றில் அதிகமாக எழுதப்பட்டவற்றுள் ஒன்று ஃபோர்ட் கம்பனியின் மஸ்டாங். 1964 ஏப்ரல் 17ஆம் திகதி நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமானது. ஆரம்ப விலை 2,368 டொலர். முதல் நாளிலேயே சுமார் 22,000 பேர் வாங்குவதற்குப் பதிந்தனர். பன்னிரண்டு மாதங்களுக்குள் நாலு இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்பனையாகின. இந்த வெற்றிக்கு முன்னின்ற லீ ஐயக்கோக்கா 1984இல் தமது சுயசரிதையை வெளியிட்டபோது அந்நூலும் அமோகமாக விற்றது. அதற்கு முன்பே, 1979இல், கேரி விட்சன்பர்க் என்பவர் மஸ்டாங்கின் முழு வரலாற்றைத் தனி நூலாக எழுதிவிட்டார்.

இத்தகைய நூல்களைப் படிக்கும்போது என்னைக் கவர்வது அவற்றின் பொறுமை. எந்த ஆண்டில் எந்த எஞ்சின், எந்த நிறம், எத்தனை கார்கள் என்று ஒவ்வொன்றையும் பதிகின்றன. முதலாம் இலக்கமிட்ட மஸ்டாங் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வசித்த விமானி ஸ்டான்லி டக்கர் அதை வாங்கினார். கம்பனி அதைத் திரும்பப் பெற விரும்பியது. அவர் இலகுவில் இணங்கவில்லை. ஈற்றில் 1966இல் புத்தம்புதிய மஸ்டாங் ஒன்றைக் கொடுத்துத்தான் அதை மீட்டார்கள். இன்று அது டியர்போர்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்ட் அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கிறது. ஓர் இயந்திரத்தின் பின்னால் ஒரு மனிதனின் பிடிவாதமும் இருந்தது என்பதை நாம் அறிவது, யாரோ அதை எழுதி வைத்ததால்தான்.

பொண்டியாக் ஜி.ரி.ஓ. என்ற கார் அதே 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தது. நடுத்தர அளவுடைய உடலுக்குள் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்துவதே அதன் சூத்திரம். இவ்வகைக் கார்களை அமெரிக்கர் தசைக் கார்கள் என்று அழைத்தனர். பத்து ஆண்டுகள் அவை வீதிகளை ஆண்டன. பின்னர் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் ஏறிய காப்புறுதிக் கட்டணமும் அவற்றை நெருக்கின. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது அவற்றின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மஸ்டாங்கே அவ்வாண்டு சிறிய உருவம் எடுத்தது. எரிபொருள் தடையால் ஒரு கார் வகை ஓய்ந்த கதை இது.

நேயர்களே, எரிபொருள் தடையால் புத்துயிர் பெற்ற கார்களின் கதை ஒன்றும் இருக்கிறது. அது நம்முடைய கதை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

முதலில் அந்தக் கார்களுள் ஒன்றின் பிறப்பைப் பார்ப்போம். மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உற்பத்திக்குச் சற்று முன், மாதிரிக் கார் அகலம் குறைவாகத் தெரிகிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தார். முதற் கார்களின் பம்பர் நடுவே ஒட்டுத் துண்டு இருப்பதற்கு அதுவே காரணம். கம்பனியின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவேயில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று எள்ளினார். அந்த முட்டைதான் பத்து இலட்சம் விற்ற முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரை எடுத்தது. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இங்கிலாந்தில் இதற்கும் தனி நூல்கள் உண்டு. போல் ஸ்கில்லெற்றர் 1981இல் எழுதியது அவற்றுள் ஒன்று.

இசிகோனிஸின் வாழ்க்கையில் நமது கவனத்துக்குரிய செய்தி ஒன்று இருக்கிறது. அவர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. துருக்கியின் கரையோர நகரமான ஸ்மேர்ணாவில். 1922இல் யுத்தம் அந்நகரை நெருங்கியபோது பெற்றோருடன் கப்பலேறி மால்ற்றாத் தீவுக்குப் போனார். தந்தை அங்கேயே காலமானார். தாயுடன் இங்கிலாந்து வந்து சேர்ந்த இளைஞன்தான் பின்னாளில் இந்தக் காரை வரைந்தார். இடம்பெயர்தலை அறிந்த ஒருவர் படைத்த வாகனம் அது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் இலங்கையின் வடக்கில் குடும்பக் காராகவும் வாடகைக் காராகவும் நீண்ட காலம் ஓடின. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பெற்றோல் கொண்டுசெல்ல அரசாங்கம் தடை விதித்தது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. இந்தத் தடை நீங்க 2002 ஆகிற்று. இடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மக்கள் மண்ணெண்ணெயிலேயே காரை ஓட்டினார்கள். மன்னாரின் பெருநிலப் பகுதியும் அந்த வன்னியைச் சேர்ந்ததுதான்.

இது எப்படிச் சாத்தியமானது? பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறாமல் சரிவர ஆவியாகாது. ஆகையால் குளிர்ந்த எஞ்சினைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு உயிர்ப்பிக்க வேண்டும். சூடு பிடித்தபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இதற்கென்று ஒரு சிறு போத்தலில் பெற்றோலைப் பொன்னைப் போல வைத்திருப்பார்கள். இன்னொரு தடையும் உண்டு. எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் மிகையாக அமுக்கப்பட்டால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தியே எரிந்து எஞ்சினை இடிக்கும். பழைய சிறு கார்களில் இந்த அமுக்கம் குறைவு. அதனால் அவை தாங்கின. நவீனக் கார்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஜி.ரி.ஓ.வின் எஞ்சின் 6.4 லீற்றர், 1950களின் மொறிஸ் மைனர் ஒன்றினது 0.8 லீற்றர். எட்டில் ஒரு பங்கு. அந்த எளிமையே நம்மவரின் கையில் பலமாயிற்று.

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். புகையும் நெடியும் பயணிகளைத் தலைசுற்றச் செய்யும். கராஜ்காரர்கள் இவற்றையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், கையால் தொட்டும் காதால் கேட்டும் கற்றுக்கொண்டார்கள். பிரசவத்துக்குப் போன பெண்ணும் காய்ச்சற் பிள்ளையும் காயப்பட்டவரும் இந்தக் கார்களிலேதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு கார் உயிர்ப்பதும் உயிர்க்காததும் அன்று ஒரு மனித உயிரின் விடயம்.

இதே 1990களில் நடந்த வேறொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், அந்தக் காரின் உதிரிப்பாகங்களைச் செய்வதற்கு இலங்கையில் தொழிற்சாலை ஒன்றை ஆரம்பித்தார். இலங்கைத் தொழிலாளர் கையால் தட்டி உருவாக்கிய பாகங்கள் இங்கிலாந்துக்குப் போயின. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே கார். தெற்கிலே அதன் பாகங்கள் ஏற்றுமதியாகின. வடக்கிலே ஒரு போத்தல் பெற்றோல் இல்லை. இந்த இரண்டு செய்திகளும் ஒரே நூலின் அடுத்தடுத்த அத்தியாயங்களாக வர வேண்டியவை.

மன்னாருக்கென்று தனி அத்தியாயம் உண்டு. மன்னார்த் தீவு ஒரு தாம்போதியால் பெருநிலத்தோடு இணைந்தது. 1990களில் பல வருடங்கள் தீவு படையினர் வசமும் எதிர்க்கரையின் உட்பகுதி புலிகள் வசமும் இருந்தன. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு எரிபொருள் நியதிகள். மடுத் திருப்பதி அகதிகளால் நிறைந்தது. தலைமன்னாருக்கு 1914இல் வந்த ரயில் நின்றுபோயிற்று. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் 1984உடன் நின்றுவிட்டது. ரயில் 2015இல் மீண்டும் தலைமன்னார் வந்தது. கப்பல் திரும்பவில்லை. ரயிலும் கப்பலும் இல்லாத அந்த இடைக்காலத்தில் மனிதரைச் சுமந்தவை எவை என்று எழுதாமல் மன்னாரின் நவீன வரலாறு முழுமை பெறாது.

இன்னும் கசப்பான பக்கம் ஒன்று இருக்கிறது. அதையும் விடக்கூடாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி முதலான மன்னார்த் தீவின் ஊர்களிலிருந்து மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். வீடும் கடையும் வாகனமும் பின்னால் நின்றன. அமெரிக்க நூல்களிலே ஒரு காரின் உரிமையாளர் வரிசை பெருமையோடு அச்சாகிறது. நாம் அப்படி ஒரு வரிசை எழுதப் புகுந்தால், ஓரிடத்தில் ஒரு பெயர் சட்டென்று அறுந்து நிற்கும். அடுத்த பெயர் எப்படி வந்தது என்ற கேள்வியும் உடன் எழும். அதற்கு அஞ்சி எழுதாமல் விட்டால் நாம் எழுதுவது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகும்.

காரின் இலக்கத் தகடுகூட நமக்கு ஒரு சாசனம். 1957இல் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகனங்களில் புகுத்தப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் அதை அழித்துத் தமிழில் ‘ஸ்ரீ’ எழுதும் போராட்டம் நடந்தது. ஆக, ஒரு மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் மொழிப் பிரச்சினையும், எஞ்சினில் பொருளாதாரத் தடையும், பின்னாசனத்தில் இடம்பெயர்வும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு புளியமரத்தை நடுவே நிறுத்தி ஓர் ஊரின் கதையைச் சுந்தர ராமசாமி 1966இல் நாவலாக்கினார். ஒரு காரை நடுவே நிறுத்தி நம்மால் ஏன் எழுத முடியாது?

மண்ணெண்ணெய்க் கார் போர்க்காலச் சிறுகதைகளில் ஒரு வரியாக, ஒரு புகையாக வந்து போகிறது. எனது கைக்கு எட்டிய தமிழ் நூல்களில் அதற்கென்று ஓர் அத்தியாயத்தை நான் காணவில்லை. அதை எழுதுவதற்குப் பெரிய ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. மன்னார், பேசாலை, முருங்கன், அடம்பன் என்று ஊர் ஊராக வயதான கராஜ்காரர்களும் சாரதிகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கற்பிட்டி, புத்தளம் பக்கத்திலும் மன்னாரின் கார்களை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அமருங்கள். எஞ்சின் எவ்வளவு சூடானதும் மாற்றுவீர்கள், ஒயிலை எத்தனை மைலுக்கொருமுறை மாற்றினீர்கள், எந்தப் பாகத்தை எதைக் கொண்டு ஒப்பேற்றினீர்கள், யாரை ஏற்றிப் போனீர்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி திகதியோடு எழுதுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் போன்ற தளங்கள், எழுதியதைக் காப்பாற்ற இருக்கின்றன.

மன்னாரின் உப்புக் காற்று இரும்பை வெகு சீக்கிரம் தின்றுவிடும். முற்றங்களில் நிற்கும் பழைய கார்கள் இன்னும் அதிக காலம் நில்லா. இரும்பு போனாலும் போகட்டும். அதை மண்ணெண்ணெயில் ஓடச் செய்த மனிதரின் வாய்ச்சொல், அவர்கள் இருக்கும்போதே தாளில் ஏற வேண்டும். அதியமானின் தேர்ச் சக்கரத்துக்கு ஔவையார் கொடுத்த இடத்தை, நம் கராஜ்காரர் கழுவித் துடைத்து மாட்டிய காபுரேற்றருக்கும் யாராவது கொடுங்கள்.