சிக்கலை எண்ணுதலும் சிக்கெடுத்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் சங்கப் பாடல் ஒன்றையோ காப்பியக் காட்சி ஒன்றையோ எடுத்துரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். கணிப்பொறி நிரலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் சற்றுத் தயங்கினார். நூலைப் பற்றித்தான் பேச்சு என்று சொல்லி அவரைத் தேற்றினேன். அது பொய்யன்று. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்கிறார். எரியோட்டைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்கு நடுவே வாழும் நமக்கு இவ்வுருவகத்திற்கு உரை வேண்டியதில்லை. இழை சிக்கினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும்.

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் பயின்ற கணிப்பொறியியல் மாணவி ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் என் வீட்டுக்கு வந்தார். கையில் நான்கு தாள்கள். நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ போன்ற சந்திப்பிழை திருத்திகளை நம்மில் சிலர் பயன்படுத்துகிறோம் அல்லவா? அத்தகைய கருவி ஒன்றை அவர் பணிபுரியும் இடத்திலும் செய்துகொண்டிருந்தார்கள். வல்லினம் மிகுமா, மிகாதா என்று முடிவுசெய்யும் செயற்கூறு, அதாவது பிள்ளைகள் ‘ஃபங்ஷன்’ என்று சொல்வது, அந்த நான்கு தாள்களிலும் ஒரே தொடராக நீண்டு கிடந்தது. “எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அம்மா. எந்த வரி எந்த விதி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை” என்றார்.

எனக்கு ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. புள்ளியும் இல்லை, சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. எழுதியவன் இல்லாத இடத்தில் படிப்பவன் தவிக்கிறான். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டை நாம் வியந்து பேசுகிறோம். அது பழங்காலத்துச் சங்கதி என்றே நான் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒன்றும் அதே நிலைக்கு வந்துவிடும் என்பதை அன்றுதான் கண்டேன்.

ஒரு நிரல் எவ்வளவு சிக்கலானது என்பதை எண்ணால் சொல்ல முடியும் என்றார் அம்மாணவி. தாமஸ் மெக்கேப் என்னும் அமெரிக்கர் 1976ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் வகுத்த முறை அது. ஒரு செயற்கூற்றில் ‘இப்படியானால் இது செய்’ என்று வழி பிரியும் இடங்களை எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். வழியே பிரியாத செயற்கூற்றின் எண் 1. பத்தைத் தாண்டினால் அதனைப் பிரித்தெழுதுவது நல்லது என்பது மெக்கேப்பின் கருத்து.

அந்தத் தாள்களில் ஒரு பகுதியை மட்டும் எண்ணிப் பார்த்தோம். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி என்னும் ஆறு சொற்களுக்குப் பின் வல்லினம் மிகும். சொல்லுக்கு முதலில் வரும் வல்லெழுத்துகள் க, ச, த, ப என்னும் நான்கு. எழுதியவர் என்ன செய்திருந்தார் என்றால், ‘அந்த’வுக்குப் பின் ககரம் வந்தால் க் இடு, சகரம் வந்தால் ச் இடு என்று ஆறு சொல்லுக்கும் நான்கு எழுத்துக்கும் தனித்தனியே எழுதியிருந்தார். ஆறு நான்கு இருபத்து நான்கு. மெக்கேப்பின் கணக்கில் 25. நன்னூலார் எடுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை! மிகும் ஒற்று வருமொழியின் முதலெழுத்தே என்று இலக்கணம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வருமொழி வல்லினத்தில் தொடங்குகிறதா? நிலைமொழி அந்த ஆறனுள் ஒன்றா? இரண்டே கேள்விகள். 25 என்பது 3 ஆகிவிட்டது.

செயலின் பயனை மாற்றாமல் அமைப்பை மட்டும் திருத்தும் இப்பணிக்கு ‘ரீஃபேக்டரிங்’ என்று பெயராம். மார்ட்டின் ஃபவுலர் என்பவர் 1999இல் இதற்கெனவே ஒரு நூல் எழுதியிருக்கிறார். பதம் பிரித்தல் என்று நாம் சொல்வது இதற்கு நெருங்கிய உறவு என்பேன்.

இந்த எண்ணைப் பற்றி ஒரு சொல். நம் ஆலைகளில் நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன? ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது தேறும், அதாவது 33,600 கெஜம். நூல் எவ்வளவு நயமானது என்று அந்த எண் சொல்லும். அறுந்து அறுந்து போகுமா என்று சொல்லாது. மெக்கேப்பின் எண்ணும் அப்படித்தான். மூன்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றாலும், ஒன்றனுள் ஒன்றாகப் புதைந்திருந்தாலும் அவர் கணக்கில் 4தான். படிக்கிறவனுக்கோ இரண்டும் ஒன்றல்ல. புதைந்து கிடக்கும் கேள்விக்குக் கூடுதல் மதிப்பு வைத்து, படிப்பவர் படும் பாட்டை அளக்கப் பிற்காலத்தில் ஆன் கேம்ப்பெல் என்பவர் வேறொரு முறை வகுத்தார். அதன்படி அடுத்தடுத்து நிற்கும் மூன்றுக்கு 3. புதைந்த மூன்றுக்கு ஒன்றும் இரண்டும் மூன்றும் கூடி 6. ‘மயங்க வைத்தல்’ என்னும் குற்றத்தை எண்ணால் அளக்க முயல்வது இது என்று எனக்குப் பட்டது. (எல்லாவற்றையும் நன்னூலில் காண்பது தமிழாசிரியரின் குற்றம், பதினோராவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

எண் குறைந்த மகிழ்ச்சியில் அம்மாணவி ஊருக்குப் போய்ப் பிற பகுதிகளையும் திருத்தத் தொடங்கினார். பத்து நாளில் தொலைபேசி வந்தது. அந்த, இந்த, எந்த என்று மூன்று சொற்களை ஏன் பட்டியலிட வேண்டும், ‘ந்த’ என்று முடிந்தால் மிகும் என்று ஒரே விதியாக எழுதிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நிரல் இன்னும் சுருங்கியது. ஆனால் ‘வந்த குதிரை’ என்று எழுதினால் ‘வந்தக் குதிரை’ என்று திருத்தத் தொடங்கியது கருவி. சுட்டுக்குப் பின் மிகும். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. ஈற்றெழுத்துகள் ஒன்றாயிருப்பதால் இலக்கணம் ஒன்றாகிவிடாது.

அடுத்த பிழை இன்னும் என்னை வருத்தியது. நிலைமொழி ஆகாரத்தில் முடியும்போது எதையோ சோதிக்கும் ஒரு வரி, விளக்கமேதும் இன்றித் தாளின் ஓரத்தில் நின்றது. எதற்கென்று தெரியவில்லை, அதனை நீக்கியும் அவர்களிடமிருந்த சோதனைத் தொடர்கள் அத்தனையும் சரியாகவே வந்தன. ஆகவே நீக்கிவிட்டார்கள். மறுவாரம் செய்தித்தாளில் வந்த கட்டுரை ஒன்றைக் கருவியில் இட்டபோது, வங்கிகளின் ‘வாராக் கடன்’ ஒற்றிழந்து ‘வாரா கடன்’ ஆகி வந்தது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். ‘வராத கடன்’ என்று ஈறு கெடாமல் நின்றால் மிகாது. பெயர் தெரியாத அந்த முன்னவர் இவ்விதியை அறிந்திருந்தார். அறிந்ததை ஒரு பெயரிட்டுச் சொல்லாமல் போனார், அவ்வளவே. ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமா’ என்று ஒரு சிறு செயற்கூறாகத் தனியே எடுத்துப் பெயர் சூட்டியிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தமக்குப் புரியாத வரியைச் சாமிநாதையர் அடித்துவிட்டுப் போயிருந்தால் நம் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று அவரிடம் சற்றுக் கடிந்தே கேட்டேன்.

பின்பு இரண்டு மாலைப் பொழுதுகள் இருவரும் அமர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். அந்தப் பையன், வந்த பையன். தீராப் பகை, தீராத பகை. ஊறுகாய் போன்ற வினைத்தொகைகள். நிரலில் கைவைக்கும் முன்னும் பின்னும் இப்பட்டியலை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. சோதனை இல்லாமல் அமைப்பைத் திருத்தாதே என்று ஃபவுலரும் வற்புறுத்துவதாக அவரே பிறகு சொன்னார்.

பட்டியலுக்கும் அடங்காதவை சில உண்டு. ஃபிரெட் புரூக்ஸ் என்னும் அறிஞர் 1986இல் எழுதிய கட்டுரையில், பொருளோடு பிறந்த சிக்கல் வேறு, நாம் உண்டாக்கிய சிக்கல் வேறு என்று பிரித்துக் காட்டினார். இருபத்தைந்தை மூன்றாக்கினோமே, அது நாம் உண்டாக்கியது. ‘வேலை கொடுத்தான்’ என்பதோ மொழியோடு பிறந்தது. பணி கொடுத்தான் என்றால் ஒற்று மிகாது. வேலாகிய கருவியைக் கொடுத்தான் என்றால் ‘வேலைக் கொடுத்தான்’ என்று மிகும். எழுத்தைப் பார்த்து எந்தச் செயற்கூறும் இதனைச் சொல்லிவிட முடியாது. நம் ஊர்ப்பெயரையே கொடுத்துப் பார்த்தேன். ‘எரி’ என்னும் பெயரோடு மூன்றாம் வேற்றுமை உருபு சேர்ந்தது என்று கொண்டு, நெருப்போடு என்று பொருள் கண்டது கருவி. சித்திரை வெயிலில் இங்கே வந்து நின்றவர்கள் அதனைப் பிழை என்று சொல்லத் தயங்குவார்கள்.

இப்போது அச்செயற்கூறு பதினொரு சிறு கூறுகளாக இருக்கிறது. ஒவ்வொன்றின் பெயரும் ஓர் இலக்கண விதியின் பெயர்; மிகப் பெரியதன் எண் 6. அண்மையில் பணிக்குச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரே நாளில் படித்து முடித்து, உம்மைத்தொகையை விட்டுவிட்டீர்களே என்று கேட்டானாம். ‘வேலை’ வரும் இடத்தில் மட்டும் கருவி எதையும் திருத்துவதில்லை. எந்தப் பொருளில் எழுதினீர்கள் என்று எழுதியவரையே கேட்டு நிற்கிறது.